கல்லாவில் கிடைத்த ஆறு நாணயங்கள்: எது அக்கசாலைப் பிழை, எது வெறும் சேதம்?

கடிதத்தின் சாரம்

நான்கு ஆண்டுகளாகக் காசாளராகப் பணியாற்றும் வாசகர் ஒருவர், கல்லாவுக்கு வரும் சில்லறையில் வழக்கத்துக்கு மாறாகத் தெரிந்த நாணயங்களை, அதே முகமதிப்புள்ள தம் சொந்தக் காசைப் போட்டுவிட்டு எடுத்து வைத்திருக்கிறார். இப்போது அவரிடம் ஆறு நாணயங்கள் உள்ளன. முதலாவதில் எழுத்துகள் இரட்டையாகத் தெரிகின்றன. இரண்டாவதின் விளிம்பில் பிறை வடிவில் கடித்தெடுத்தாற்போல ஒரு குறை. மூன்றாவதில் உருவமும் எழுத்தும் ஒரு பக்கமாக ஒதுங்கி, எதிர்ப்பக்கம் வெறுமையாக இருக்கிறது. ஆனாலும் ஆண்டு முழுதாகத் தெரிகிறது. வெள்ளை நிறத்தில் இருக்க வேண்டிய நான்காவது, இருபுறமும் செம்பு நிறத்தில் இருக்கிறது. ஐந்தாவது இரு உலோக நாணயம். நடுவட்டம் இல்லை, வெளி வளையம் மட்டுமே இருக்கிறது. ஆறாவதில் தலைப்பக்கத்தை நேராகப் பிடித்துத் திருப்பினால் பூப்பக்கம் தலைகீழாக நிற்கிறது.

இவை பெருந்தொகைக்குப் போகும் என்று ஒரு காணொளியில் கேட்டு, நான்காவதின் படத்தை இணையத்தில் இட்டிருக்கிறார். மறுநாளே ஒருவர் தொலைபேசியில் அழைத்து, கேட்டவருக்குத் தலைசுற்றும் விலை சொல்லி, பதிவுக் கட்டணம் என்று ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, இப்போது வரி என்று இரண்டாவது தொகை கேட்கிறார். மூன்றாவது நாணயத்தைப் படத்தில் எடுப்பாகத் தெரிவதற்காகப் பற்பசை போட்டுத் தேய்த்ததாகவும் வாசகர் எழுதியிருக்கிறார். இவை உண்மையான பிழை நாணயங்களா, என்ன விலை பெறும், கேட்ட வரியைக் கட்டலாமா என்பன அவருடைய கேள்விகள். எந்த நாட்டு நாணயங்கள் என்பதை அவர் குறிப்பிட்டிருந்தாலும், அடையாளம் வெளிப்படக் கூடாது என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன். விடை எந்த நாட்டு நாணயத்துக்கும் பொருந்துவதுதான்.

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

கடைசிக் கேள்விக்குக் காலக்கெடு இருப்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். இரண்டாவது தொகையைக் கட்டாதீர்கள். நாணயம் வாங்க விரும்புகிறவர் விற்பவருக்குப் பணம் கொடுப்பார். விற்பவரிடமிருந்து பணம் வாங்க மாட்டார். முறையான ஏல நிறுவனமும் தன் தரகை விற்பனைத் தொகையிலிருந்துதான் கழித்துக்கொள்ளும். பொருளைக் கையில் வாங்கி எடை போடாமல், உருப்பெருக்கியில் பார்க்காமல், ஒரே ஒரு படத்தை நம்பி விலை உறுதி செய்கிறவர் நாணயத்தை வாங்க வரவில்லை. வரியைக் கட்டினால் அடுத்து காப்பீடு வரும், அதன்பின் சரக்கனுப்பும் செலவு வரும். இதுவரை நடந்த உரையாடல்கள், பணம் செலுத்திய சான்று, அழைத்த எண் ஆகியவற்றை அழிக்காமல் பாதுகாத்து, உங்கள் வங்கியிடமும் இணையக் குற்றங்களை விசாரிக்கும் காவல் பிரிவிடமும் உடனே புகார் கொடுங்கள். எவ்வளவு விரைவில் புகார் போகிறதோ அந்த அளவுக்குப் பணத்தை இடையில் நிறுத்த வாய்ப்பு உண்டு. முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும் என்று உறுதி கூற என்னால் இயலாது. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லிச் சிறு கட்டணம் கேட்டு ஒருவர் சில வாரங்களில் உங்களை அழைக்கக்கூடும். பெரும்பாலும் அவரும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவர்தான்.

இனி நாணயங்களுக்கு வருவோம். உங்கள் கடிதம் முழுவதும் ஓர் எண்ணம் ஓடுகிறது: மற்றவற்றிலிருந்து மாறுபட்டுத் தெரிவதெல்லாம் பிழை நாணயம் என்பது அந்த எண்ணம். புழக்கத்தில் இருக்கும் ஒரு காசு எந்திரங்களில் சிக்குகிறது, சாலையில் நசுங்குகிறது, தீயில் வேகிறது, சிறுவர்களின் ஆணிக்கும் சுத்தியலுக்கும் ஆளாகிறது. அதனால் மாறுபாடு கண்ணில் பட்டதும் கேட்க வேண்டிய கேள்வி, நாணயம் அடிக்கும் ஆலையான அக்கசாலையில் எந்தப் படியில் இது நேர்ந்திருக்க முடியும் என்பதே. அதற்கு விடை கிடைத்தால் அது பிழை நாணயம். கிடைக்காவிட்டால் சேதப்பட்ட நாணயம்.

அந்தப் படிகள் அதிகமில்லை. உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டப்படுகின்றன. அவை சூடேற்றி இளக்கப்பட்டு, ஓரம் சற்றே உயரும்படி விளிம்பு நெருக்கப்படுகின்றன. பிறகு ஒரு வளையத்துக்குள் வைக்கப்பட்டு, மேலும் கீழும் இரண்டு அச்சுகளுக்கு நடுவே ஒரே அடியில் நாணயமாகின்றன. ஆகவே பிழை என்பது வில்லையில் நேர்ந்ததாக இருக்க வேண்டும், அல்லது அச்சில், அல்லது அடிக்கும் கணத்தில். சேகரிப்பாளர்கள் உலகெங்கும் இந்த மூன்று பெட்டிகளில்தான் பிழைகளைப் பிரித்து வைக்கிறார்கள்.

இரட்டை எழுத்து

முதல் நாணயத்தில்தான் ஏமாற்றம் அதிகம் என்று அஞ்சுகிறேன். சேகரிப்பாளர்கள் 'டபுள் டை' என்று கொண்டாடுவது, அச்சைச் செய்யும்போதே அதில் உருவம் இருமுறை, சற்று விலகிப் பதிந்துவிட்ட நிலையை. அந்த அச்சிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு நாணயமும் அதே இரட்டிப்பை அதே இடத்தில் சுமக்கும். 1955-ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட் இதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டு. பிலடெல்ஃபியா அக்கசாலையிலிருந்து 20,000-க்கும் மேற்பட்டவை நல்ல காசுகளோடு கலந்து வெளியே போய்விட்டன. அதில் ஆண்டும் எழுத்தும் இரட்டையாக இருப்பதைப் பார்க்க உருப்பெருக்கி வேண்டியதில்லை.

அடிபட்ட பிறகு அச்சு அதிர்ந்து, புதிதாக எழும்பிய எழுத்தின் ஓரத்தை உரசித் தள்ளிவிடுவது இதிலிருந்து வேறுபட்டது. இதை எந்திர இரட்டிப்பு என்பார்கள். இதில் இரண்டாவது உருவம் படிக்கட்டுப்போலத் தட்டையாகவும் பளபளப்பாகவும் இருக்கும். மூல எழுத்தின் பருமன் குறைந்திருக்கும். உண்மையான டபுள் டையில் இரண்டு உருவங்களும் உருண்டு திரண்டிருக்கும், எழுத்து பருத்திருக்கும், எழுத்தின் முனைகள் பிளந்து நிற்கும். 10 மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி ஒன்றை வாங்கி, விளக்கைச் சாய்வாக வைத்துப் பாருங்கள். நீங்கள் 'ஒரு பக்கமாக நிழல் விழுந்தாற்போல' என்று எழுதியிருப்பது எந்திர இரட்டிப்பையே நினைவூட்டுகிறது. அதற்குச் சந்தையில் மதிப்பில்லை. நானும் தொழிலுக்கு வந்த புதிதில் இப்படி ஒரு காசைப் பஞ்சில் சுற்றி இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தேன், எனவே உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை.

பிறைக் குறை

இரண்டாவது நாணயம் உண்மையானதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தகடு போதிய அளவு முன்னே நகராதபோது, வெட்டும் கருவி ஏற்கெனவே வெட்டிய துளையின் மேல் விழுந்து, ஒரு கடி குறைந்த வில்லையைத் தருகிறது. அரத்தால் அராவியும் இதே வடிவத்தைக் கொண்டுவரலாம் என்பதால் ஒரு சோதனை தேவை. பிறைக்கு நேர் எதிரே இருக்கும் விளிம்பைப் பாருங்கள். விளிம்பை நெருக்கும் எந்திரத்தில் குறையுள்ள இடத்தில் பிடிப்பு இருக்காது என்பதால், அதற்கு எதிர்ப்புறத்திலும் அழுத்தம் குன்றி, விளிம்பு மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும். பின்னாளில் வெட்டியவரால் இந்த எதிரொலியை உண்டாக்க முடியாது. பிறையின் அருகில் எழுத்துகள் சற்று இழுபட்டு மெலிந்திருப்பதும் நல்ல அறிகுறி. அரமிட்டதானால் எழுத்து முழு வடிவோடு இருந்து சட்டென்று அறுபட்டிருக்கும், வெட்டு முகத்தில் கீறல்கள் ஒரே திசையில் ஓடும். உண்மையெனில் இது விரும்பப்படும் பிழை, ஆனால் அரிதானது என்று சொல்ல முடியாது.

ஒதுங்கிய உருவம்

உங்கள் ஆறில் சிறந்தது மூன்றாவது. நீங்கள் தேய்த்ததும் அதைத்தான். வில்லை வளையத்துக்குள் சரியாக உட்காராமல் அடிபட்டால் உருவம் ஒதுங்கிவிடும். ஒதுக்கம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஆர்வம். அதோடு ஆண்டும் முழுதாகத் தெரிந்தால் தேவை பல மடங்கு கூடும், ஏனெனில் ஒதுக்கம் பெரிதாகும்போது ஆண்டு காணாமற்போவதே வழக்கம். நூற்றில் ஐந்து பங்கு ஒதுங்கியதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாதியளவு ஒதுங்கி ஆண்டும் தெரிகிற நாணயத்துக்குத்தான் போட்டி. நீங்கள் வரைந்து அனுப்பியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒதுங்கியிருக்கிறது.

பற்பசையில் இருக்கும் நுண்ணிய தேய்பொருள், நாணயத்தின் மேற்பரப்பில் இயல்பாக இருக்கும் மெல்லிய ஒளிர்வை உராய்ந்து எடுத்துவிடும். பார்க்கப் பளபளப்பு, உருப்பெருக்கியில் மயிரிழைக் கீறல்கள். இதைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை. நாணயங்களைச் சோதித்துத் தரமிடும் நிறுவனங்கள் இத்தகைய நாணயத்துக்கு எண்ணால் தரம் கொடுக்காமல், 'சுத்தம் செய்யப்பட்டது' என்ற குறிப்போடு தனியாக வகைப்படுத்தும். பிழை அப்படியே இருப்பதால் மதிப்பு அடியோடு போய்விடவில்லை; ஆனால் தேய்க்காத ஒன்றுக்குக் கிடைக்கும் விலையை எதிர்பார்க்காதீர்கள். இனி எதையும் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள். விற்கும்போது தேய்த்த செய்தியை மறைக்காமல் சொல்லிவிடுவது உங்களுக்கே பாதுகாப்பு, அனுபவமுள்ளவர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்.

செம்பு நிறம்

அந்தத் தொலைபேசிக்காரர் பிடித்துக்கொண்டது இந்த நான்காவது நாணயத்தை. இதன் பின்னால் ஒரு புகழ்பெற்ற வரலாறு இருப்பதால்தான் ஏமாற்றுவோருக்கும் இது வசதியாக இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் 1943-இல் அமெரிக்கா ஒரு சென்ட் நாணயத்தைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. பழைய வெண்கல வில்லைகள் சில தவறுதலாக எந்திரத்துக்குள் போய், விரல்விட்டு எண்ணத்தக்க வெண்கல நாணயங்கள் 1943 என்ற ஆண்டோடு பிறந்தன. அவற்றில் டென்வர் அக்கசாலையில் அடித்த ஒன்று 2010-இல் பத்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அதன் புகழைத் தொடர்ந்து, எஃகு நாணயத்துக்குச் செம்பு முலாம் பூசியவையும், 1948-இன் 8-ஐச் செதுக்கி 3 ஆக்கியவையும் ஏராளமாக வந்தன. முதல் வகையைக் காந்தம் காட்டிக்கொடுக்கும், எடையும் காட்டிக்கொடுக்கும்: எஃகு சென்ட் 2.7 கிராம், வெண்கல சென்ட் 3.11 கிராம்.

உங்கள் நாணயத்துக்கும் அதே வழிதான். ஒரு கிராமில் நூற்றில் ஒரு பங்கு காட்டும் சிறிய தராசில், அதே வகை, அதே ஆண்டின் சாதாரண நாணயங்கள் பத்தை நிறுத்து எழுதிக்கொண்டு, பிறகு இதை நிறுங்கள். எடை ஒத்திருந்து காந்தத்துக்கும் ஒரே மாதிரி நடந்துகொண்டால், உள்ளே இருப்பது அதே உலோகம்; வெப்பமோ மண்ணின் ஈரமோ வேதிப்பொருளோ நிறத்தை மாற்றியிருக்கிறது, அல்லது யாரோ முலாம் பூசியிருக்கிறார்கள். எடை தெளிவாகக் குறைந்திருந்தால் இரண்டு வாய்ப்புகள். அடுக்கு உலோகத்தால் ஆன நாணயமானால் வெள்ளை மேலடுக்கு ஒட்டாமல் போயிருக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் ஒரு புறத்தில் மட்டுமே நேரும், உங்களுடையதோ இருபுறமும் சிவந்திருக்கிறது. மற்றொன்று, வேறொரு நாணயத்துக்கான வில்லையில் இது அடிபட்டிருக்கலாம். அப்படியானால் எடையோடு விட்டமோ தடிப்போ மாறும்; சிறிய வில்லை என்றால் ஓரத்து எழுத்துகள் விழுந்திருக்காது. எடை அதிகமாக இருந்தாலும் முலாம் பூசியதை நினைவில் வையுங்கள். என் அனுபவத்தில் இருபுறமும் சீராகச் சிவந்த நாணயங்களில் மிகப் பெரும்பாலானவை நிறம் மாறியவைதான். தராசு வேறு சொன்னால் மகிழ்ச்சியோடு என் கருத்தை மாற்றிக்கொள்வேன்.

வளையமும் தலைகீழும்

ஐந்தாவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இரு உலோக நாணயத்தில் வளையமும் நடுவட்டமும் அச்சு அடிக்கும் அழுத்தத்தில்தான் ஒன்றையொன்று இறுகப் பிடிக்கின்றன. நடுவட்டம் இல்லாமலே அடிபட்டிருந்தால், வளையத்தின் உலோகம் வெற்றிடத்தை நோக்கி வழிந்து, துளையின் ஓரம் ஒழுங்கற்று உட்புறமாக நீண்டிருக்கும். துளை சீரான வட்டமாக இருந்து, உட்சுவரில் நடுவட்டம் பொருந்தியிருந்த தடம் தெரிந்தால், அது பின்னால் கழன்றது அல்லது தட்டிக் கழற்றியது. 'துளை மிகச் சரியான வட்டம்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆறாவதில் ஒரு தவறான அனுமானம் ஒளிந்திருக்கிறது. தலையும் பூவும் ஒரே திசையில் நிமிர்ந்து நிற்பதுதான் இயல்பு என்று எண்ணுகிறீர்கள். உலகில் இரண்டு முறைகள் உண்டு: பக்கவாட்டில் புத்தகத் தாளைப்போலத் திருப்பினால் இருபுறமும் நேராக நிற்பது ஒன்று, மேலிருந்து கீழாகத் திருப்பினால் நேராக நிற்பது மற்றொன்று. ஒரு முறையில் அடித்த நாணயத்தை மற்றொரு விதமாகத் திருப்பினால் தலைகீழாகத்தான் தெரியும். அதே வகை நாணயங்கள் நான்கைந்தை ஒரே விதமாகத் திருப்பிப் பாருங்கள். எல்லாம் தலைகீழானால் உங்களுடையது இயல்பானது. இது மட்டும் மாறுபட்டால், அச்சு தளர்ந்து சுழன்றிருக்கிறது என்று பொருள். சில பாகை சுழற்சியை அக்கசாலைகளே பொருட்படுத்துவதில்லை. 90 பாகைக்கு மேல் போனால் ஆர்வலர்கள் இருக்கிறார்கள், முழு 180 பாகைக்குத்தான் நல்ல வரவேற்பு.

விலையை எப்படி அறிவது

காணொளியில் கேட்டது, ஒருவர் விற்க ஆசைப்படும் விலை. இணையப் பட்டியலில் ஒரு சாதாரண காசுக்கு யார் வேண்டுமானாலும் எந்த எண்ணையும் எழுதலாம்; அது விற்றுப்போனதா என்பதே கேள்வி. ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிந்த ஏலங்களின் பதிவுகளையும், விற்பனைத் தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் பிரிவையும் பாருங்கள். அதே நாட்டின், அதே முகமதிப்புள்ள, அதே அளவு பிழையுள்ள, அதே தேய்மானமுள்ள நாணயம் கடைசியாக எதற்குப் போனது என்பதே உங்கள் அளவுகோல். வணிகர் ஒருவர் அதைவிடக் கணிசமாகக் குறைத்துக் கேட்டால் ஏமாற்றுகிறார் என்று கொள்ள வேண்டாம். அதை விற்க அவருக்குச் செலவும் காத்திருப்பும் உண்டு.

பிழையின் புகழும் விலையும் எப்போதும் ஒன்றாக நடப்பதில்லை. பிரிட்டனில் 2008-இல் 20 பென்ஸ் நாணயத்தின் வடிவம் மாறியபோது, ஆண்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றப்பட்டது. பழைய தலைப்பக்க அச்சும் புதிய பூப்பக்க அச்சும் தவறுதலாக இணைந்து, எந்தப் பக்கத்திலும் ஆண்டு இல்லாத நாணயங்கள் புழக்கத்துக்கு வந்தன. 300 ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டில் காணாத நிகழ்வு என்பதால் செய்தித்தாள்கள் முழங்கின, தொடக்கத்தில் மிகப்பெரிய தொகைகள் கேட்கப்பட்டன. வெளியே போனவை பல்லாயிரம் என்று தெரிந்த பின் விலை இறங்கி, முகமதிப்பைவிடப் பல மடங்கு மட்டும் மேலான, வாழ்க்கையை மாற்றாத ஓரிடத்தில் நின்றது. எத்தனை இருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற இரண்டுக்கும் நடுவில்தான் விலை பிறக்கிறது.

தரச்சான்று பெற்றால் விலை கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1986-இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987-இல் தொடங்கிய என்ஜிசி ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் நாணயத்தைச் சோதித்து, 1 முதல் 70 வரையிலான அளவுகோலில் தரமிட்டு, பேழையில் முத்திரையிட்டுத் தருகின்றன. கட்டணம், அனுப்பும் செலவு, காப்பீடு ஆகிய மூன்றையும் கூட்டிப் பாருங்கள். எதிர்பார்க்கும் விலை அந்தக் கூட்டலைப்போல மூன்று நான்கு மடங்காவது இல்லையென்றால், சான்றுக்காகச் செலவிடுவது நட்டத்தில் முடியும். இன்றைய நிலையில் உங்கள் ஆறில் எதையும் அனுப்பச் சொல்ல மாட்டேன். தராசு ஆச்சரியம் தந்தால் நான்காவதை மட்டும் அனுப்பலாம்.

பணியிடம் குறித்து

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லாவிலிருந்து எடுத்ததற்கு ஈடான காசைப் போட்டுவிட்டதால் நிறுவனத்துக்குக் கணக்கில் இழப்பில்லை என்பது உண்மைதான். ஆயினும் பணியாளர் தம் சொந்தப் பணத்தைக் கல்லாவில் கலப்பதையே தடைசெய்யும் விதி பல இடங்களில் உண்டு. ஒரு நாணயம் நல்ல விலைக்குப் போனது என்ற செய்தி பரவினால், அது யாருடையது என்ற கேள்வி எழக்கூடும். மேலாளரிடம் இப்போதே வெளிப்படையாகச் சொல்லி, இத்தகைய நாணயங்களை முகமதிப்புக்கு மாற்றிக்கொள்ள எழுத்தில் அனுமதி பெற்றுவிடுங்கள். புழக்கத்தில் கிடைத்த பிழை நாணயத்தை வைத்திருப்பது பொதுவாகக் குற்றமாகாது. ஒரு நாணயத்தைத் திருத்திப் பிழை நாணயம் என்று விற்பது மோசடி. அறிந்தே ஐந்தாவதை அச்சுப் பிழை என்று விற்றாலும் அதே வகையில்தான் சேரும்.

அடுத்த ஒரு வாரத்தில்

ஒவ்வொரு நாணயத்தையும் விளிம்பில் மட்டும் பிடித்து, தனித்தனி அட்டை உறையில் வையுங்கள். பிவிசி கலந்த மென்மையான நெகிழி உறைகள் காலப்போக்கில் பச்சைப் பிசுபிசுப்பை உண்டாக்கும், அவற்றைத் தவிருங்கள். முதலாவதையும் நான்காவதையும் மேலே சொன்னபடி சோதித்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். நான்காவதற்கு எடை, விட்டம், காந்தச் சோதனையின் முடிவு, அவற்றோடு ஒப்பிட்ட பத்து நாணயங்களின் எடை ஆகியவை வேண்டும். படங்கள் மூன்று போதும்: தலை, பூ, மூன்றாவதாக விளிம்பின் பக்கவாட்டுத் தோற்றம். முலாம் தேய்ந்து உள்ளிருக்கும் நிறம் எட்டிப் பார்ப்பது பெரும்பாலும் விளிம்பில்தான் என்பதால், மூன்றாவது படம் தெளிவாக இருக்கட்டும்.